நம்பிக்கை நீங்கிற்றா?

2008 ஆம் ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் நாள், சதோசி நகமோட்டோ என்னும் புனைபெயருடன் வெளிவந்த ஒன்பது பக்கக் கட்டுரையே பிட்கொயின் நாணயத்துக்கு மூலமாயிற்று. இணையவழிக் கொடுக்கல் வாங்கலுக்கு வங்கி போன்ற மூன்றாமவரை நம்பவேண்டுவதில்லை என்பது அதன் துணிபு. ஒரே நாணயத்தை இருமுறை செலவிடாது தடுக்கும் காவலை ஓர் அலுவலகத்திடம் விடாது, யாவரும் காணும் பொதுப் பேரேட்டிடம் ஒப்படைத்தமை அக்கட்டுரையின் தனிச்சிறப்பாகும்.

ஆயின், நம்பிக்கை அறவே நீங்கிற்று எனல் பொருந்துமா? 2015 இல் தொடங்கிய எதீரியம் வலையமைப்பின் வரலாறு இதற்கு விடை பகரும். அதன்மீது இயங்கிய 'த டாவோ' என்னும் கூட்டு முதலீட்டு நிதியத்தின் நிரலில் இருந்த வழுவைப் பயன்படுத்தி, 2016 யூன் மாதத்தில் ஏறத்தாழ 36 இலட்சம் ஈதர் நாணயங்கள் கவரப்பட்டன. நிரலே சட்டம் என்றோர் திகைத்தனர். யூலை 20 இல் பெரும்பாலார் விதியை மாற்றி அந்நிதியை முதலிட்டோர்க்கு மீட்டனர். உடன்படாதோர் பழைய பேரேட்டையே தொடர்ந்தனர். அதுவே எதீரியம் கிளாசிக்.

மீட்டது தகுமா, தகாதா என்பதன்று ஈண்டு வினா. தீர்ப்பளித்தது இயந்திரமன்று, மாந்தரே என்பதே கருதற்பாலது. மாறுபட்டோர் தம் வழியே செல்ல இயன்றமை மைய அமைப்புகள் எளிதில் நல்காத உரிமையாம். அதனை மறுத்தல் நடுவுநிலையாகாது. எனினும் நம்பிக்கை அங்கு ஒழியவில்லை, இடமே மாறிற்று. ஆதலின், எவரையும் நம்பவேண்டா என்பதை விடுத்து, எவரை எத்துணை நம்புகின்றோம் என உரைத்தலே பரவலாக்கத்தைப் போற்றுவோர்க்கு அழகாகும்.