கண்காணியும் கங்காணியும்

ஒரு சொல் அடைந்த வீழ்ச்சி மலையக மக்களின் வரலாற்றையே சுருக்கிக் கூறுகின்றது. திருமந்திரத்தில் திருமூலர் எங்கும் நிறைந்து நின்று காணும் இறைவனைக் 'கண்காணி' என்றார். அச்சொல்லே 'கங்காணி' எனத் திரிந்து கடல் கடந்து, கோப்பி, தேயிலைத் தோட்டங்களில் ஆட்களைச் சேர்த்து வேலை வாங்கியவனின் பதவிப் பெயராயிற்று. முன்னவனை உணர்ந்தவன் கள்ளத்தை விடுகின்றான். பின்னவனைக் கண்டவன் தலையைக் குனிகின்றான். ஒழுக்கம் வேறு, அச்சம் வேறு என்பதை இவ்விரு வழக்குகளுமே உணர்த்திவிடுகின்றன.

தோட்ட வாழ்வு பார்வையால் கட்டப்பட்டது. விடியுமுன் தப்பொலி, அடுத்துப் பிரட்டுக்களம், மலையில் கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை எனப் படிப்படியாக உயரும் கண்கள். கொழுந்தின் நிறை குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகும். மனிதரின் 'பேர்' என்பதே ஒருநாட் கூலிக்கு அளவாகியமை ஈண்டு நோக்கத்தக்கது. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. ஆயினும் பேர் போடும் முறை நிலைத்தது.

கல்வியும் இவ்வேலிக்குள்ளேயே பிறந்தது. 1907 ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டப் பிள்ளைகளின் கல்வியைத் தோட்டத்துரையின் பொறுப்பாக்கியது. 1977 முதலே அப்பாடசாலைகள் அரசின் கைக்கு வரலாயின. தகப்பனின் பெயர் செக்ரோலிலும் பிள்ளையின் பெயர் வரவு இடாப்பிலும் ஒரே ஆட்சியின் கீழ்க் குறிக்கப்பட்ட காலம் அது. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் படிக்கும் மாணவனுக்குத் தனிமை என்பதே இல்லை. அவன் உரத்துப் படிப்பதும் நிறுத்துவதும் அடுத்த காம்பராவிற்குக் கேட்கும்.

இடையறாது பார்க்கப்படுபவன் இறுதியில் தன்னைத் தானே பார்க்கத் தொடங்குகின்றான். காவலன் இல்லாதபோதும் காவல் தொடர்கின்றது என்பது பிரெஞ்சு அறிஞர் மிசெல் பூக்கோ 1975 இல் வெளியிட்ட நூலின் கருத்து. அது தோட்டத்துக்கும் பொருந்துவதுபோலத் தோன்றும். ஆனால் மலையக நாட்டார் பாடல்கள் அதனை முற்றாக ஏற்கவிடவில்லை.

சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தேடித் தொகுத்த இப்பாடல்கள் பெரும்பாலும் துயரத்தின் பதிவுகளாகவே விமர்சிக்கப்படுகின்றன. அது பாதி உண்மையே. கோப்பிக் காலப் பாடலொன்றில், ஒரேயொரு பழம் தவறியதற்காகச் சின்னதுரை உதைத்தமை கூறப்படுகின்றது. அழுகை மட்டுமே நோக்கமாயின் அந்த எண்ணிக்கை தேவையில்லை. தவறியது ஒரு பழம், உதைத்தவன் இன்னான் என இரண்டையும் பாட்டு குறித்துக்கொள்கின்றது. பழத்தை எண்ணியவனின் கொடுமையை உதைபட்டவர் எண்ணி வைக்கின்றார். துரையின் செக்ரோலுக்கு எதிராக மக்கள் தம் நாவில் எழுதிய இடாப்பே இப்பாடல்.

ஹற்றனிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் பல்கலைக்கழகம் புகும் மாணவன் தப்பொலியின்றியே விடியலில் எழுகின்றான். அப்பழக்கத்தைக் கல்விமான்கள் போற்றுவர். அடிமைப் பழக்கம் எனச் சிலர் இகழவுங்கூடும். இரண்டும் அவசரத் தீர்ப்புகள். எழுப்பியது எது என்பதே வினா. குறித்த நேரத்தில் எழுபவன் தன்னைக் கணக்கெடுப்பவனையும் கணக்கெடுக்க வல்லவனாயின் அது ஒழுக்கம். கணக்கெடுக்கப்படுவதோடு அமைவானாயின் அவனுள்ளே பிரட்டுக்களம் இன்னும் கலையவில்லை எனலாம். இவ்வேறுபாட்டை எழுத்தறியாப் பாட்டிமார் பாடியே கற்பித்துள்ளனர். பட்டம் பெறுவோர் அதனை மறத்தலாகாது.