விலகுகிறவனும் நிற்கிறவனும்

ஸ்டீவ் ரைஷின் 'கம் அவுட்' படைப்பை முதன்முதலில் கேட்டபோது ஃபைல் எங்கோ சிக்கிக்கொண்டது என்றுதான் நினைத்தேன். ஒரு இளைஞரின் குரல் ஒரே துண்டு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அறை நண்பன் எட்டிப் பார்த்து, "என்னடா, மாட்டிக்கிச்சா?" என்றான். மாட்டவில்லை. ஏறக்குறைய 13 நிமிடமும் அப்படித்தான்.

அந்தக் குரல் டேனியல் ஹாமுடையது. 1964இல் நியூயார்க்கின் ஹார்லெமில் போலீஸிடம் அடிவாங்கிய கறுப்பின இளைஞர். ரத்தம் வெளியே தெரிந்தால்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள். அதனால் தன் ரத்தக்கட்டைத் தானே உடைத்துக் காட்ட வேண்டியிருந்ததைத்தான் அந்த ஒலிப்பதிவில் சொல்கிறார். பிறகு அவரும் இன்னும் ஐந்து பேரும் ஒரு கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களுடைய மறுவிசாரணைக்காக 1966இல் நடந்த நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கென ரைஷ் செய்தது இந்தப் படைப்பு.

முறை எளிமையானது. ஒரே துண்டு இரண்டு டேப்களில் ஓடும். ஒன்று மற்றொன்றிலிருந்து இம்மி இம்மியாக விலகும். முதலில் எதிரொலி மாதிரி இருக்கும். இரண்டு குரல் நாலாகும், நாலு எட்டாகும். கடைசியில் சொல்லே இருக்காது, ஒரு அதிர்வு மட்டும்தான்.

இதை எதிர்ப்பிசை என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. என்னால் அவ்வளவு சுலபமாகக் கொண்டாட முடியவில்லை. தன் காயத்தை நம்பவைக்க ஒருவர் ரத்தத்தைக் காட்ட வேண்டியிருந்தது. அந்தச் சாட்சியத்தை எடுத்து, அதிலிருந்து அந்த மனிதரையே கரைத்துவிட்டால் மிச்சம் இருப்பது யாருடைய குரல்? இந்தக் கேள்வி ரைஷையும் துரத்தியதா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் அடுத்துச் செய்தவற்றை அதற்கான பதிலாகவே கேட்கிறேன்.

1936இல் பிறந்த ரைஷ், 14 வயதில் டிரம்ஸ் கற்கத் தொடங்கியவர். அடிப்படையில் ஒரு தாளக்காரர். 1967இல் 'பியானோ ஃபேஸ்' எழுதியபோது, டேப் செய்த வேலையை இரண்டு மனிதர்களின் கைக்கு மாற்றினார். 1970இல் கானாவுக்குப் போய் எவே மக்களின் முழவுகளைக் கற்றார். மலேரியாவோடு திரும்பினார். 1971இல் 'டிரம்மிங்' வந்தது. ஆப்பிரிக்க ஒலியை நகலெடுக்காமல், அதன் கட்டமைப்பிலிருந்து கற்றுக்கொள்வதே அவர் தேர்ந்த வழி. அவருடைய குழுவில் நெடுங்காலம் வாசித்த ரஸ்ஸல் ஹார்டன்பெர்கர், மிருதங்கத்தை ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர் என்பது நம் ஆட்களுக்கு ஒரு உபரித் தகவல்.

1972இல் வந்த 'கிளாப்பிங் மியூசிக்'குக்கு வாத்தியமே வேண்டாம், நாலு கை போதும். 12 துடிப்பு கொண்ட ஒரு வரிசை, அதில் 8 தட்டு. ஒருவர் அதையே மாறாமல் தட்டுவார். மற்றவர் குறிப்பிட்ட தடவை தட்டிவிட்டு, ஒரு துடிப்பு தள்ளிப் போவார். அப்படியே 12 முறை தள்ளிப் போனால், இருவரும் தொடங்கிய இடத்தில் மறுபடி சந்திப்பார்கள்.

நானும் நண்பனும் ஒரு ராத்திரி முயன்றோம். நகர்கிற பாகம் கஷ்டம் என்று அவனிடம் தள்ளிவிட்டு, மாறாத பாகத்தை நான் எடுத்துக்கொண்டேன். அவன் இரண்டாவது தடவை நகர்ந்ததுமே என் கை அவன் பின்னால் போய்விட்டது. "நீ சும்மா நில்லுடா!" என்று கத்தினான். நிற்பது சும்மா இருப்பது இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவனை முழுசாகக் கேட்கவும் வேண்டும், அவனாக ஆகிவிடவும் கூடாது. 'கம் அவுட்'டில் டேப்புக்கு இந்தச் சிரமம் இல்லை. டேப்புக்குக் காது கிடையாது.

அந்தக் காதோடு ரைஷ் மனிதக் குரலிடம் திரும்பி வந்த இடம் 1988இன் 'டிஃபரண்ட் டிரெயின்ஸ்'. பெற்றோர் பிரிந்ததால், சிறுவயதில் அவர் நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் இடையே ரயிலில் அலைந்தவர். அதே வருடங்களில் ஐரோப்பாவில் இருந்திருந்தால், யூதரான தானும் வேறு ரயில்களில் ஏற்றப்பட்டிருப்போம் என்ற எண்ணத்திலிருந்து பிறந்த படைப்பு இது. நாஜி முகாம்களிலிருந்து பிழைத்தவர்களின் குரல்கள் வருகின்றன. பெண்கள் பேசும் ராகத்தை வியோலா பிடிக்கிறது, ஆண்கள் பேசுவதைச் செல்லோ. குரல் வாத்தியத்துக்குள் கரைவதில்லை. வாத்தியம்தான் குரலின் பின்னால் நடக்கிறது. ஒருவர் சொன்னதைச் சரியாகக் கேட்டோமா என்று திருப்பிச் சொல்லிப் பார்ப்பது மாதிரி.

இதனால் 'கம் அவுட்' சரியாகிவிடுமா? ஆகாது. ஆனால் ஹாம் யார் என்று நான் தேடிப் போனதே அந்த மாட்டிக்கொண்ட குரலால்தான். அதையும் மறைக்க முடியாது. இப்போது யாருக்காவது அதைப் போட்டுக் காட்டினால், முதலில் ஹாமின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம்தான் ப்ளே.