மான்மியமும் எள்ளலும்: ‘மருமக்கள் வழி மான்மியம்’ - பெயர்ப்பியல் நோக்கு

1. முன்னுரை

ஒரு தலத்தின் பெருமையையும் அங்கு எழுந்தருளியுள்ள இறைவனின் சிறப்பையும் விரித்துரைக்கும் இலக்கிய வகை மான்மியம் எனப்படும். இவ்வகை தமிழ், தெலுங்கு ஆகிய இரு மொழியாருக்கும் பழகிய நிலப்பகுதி ஆந்திர மாநிலத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களாகும். திருமலைக்கு வேங்கடாசல மான்மியம் உண்டு. திருக்காளத்தியைத் தூர்ஜடி தெலுங்கில் ‘ஸ்ரீகாளஹஸ்தி மாஹாத்மியமு’ எனப் பாடினார். அதே தலத்திற்குத் தமிழில் ‘சீகாளத்திப் புராணம்’ எழுந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைக்கப்பட்ட பின்னரும் சித்தூர்ப் பகுதியில் தமிழ் வழங்கி வருகிறது. எனவே மான்மியத்தின் குரலை இரு மொழியிலும் கேட்டறியும் வாசகர் அங்கு உளர்.

அத்தகைய வாசகரிடம் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் (1876-1954) ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ சென்று சேருமாயின் எது விளங்கும், எது விளங்காது என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். இவ்வாய்வு, எள்ளல் காப்பியம் ஒன்றைப் புரிந்துகொள்வது என்றால் என்ன என்னும் பொதுவினாவிற்கும் விடை தர வல்லது.

2. வடிவம்

நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே ஓர் ஆடவனின் சொத்து அவன் மக்களைச் சேராமல் உடன்பிறந்தாளின் மக்களைச் சேரும் வழக்கம் இருந்தது. குடும்பத்தின் மூத்த ஆண் ‘காரணவர்’ என்ற பெயரில் சொத்தினை ஆண்டார். நிலவுடைமை மிக்க இம்மேட்டுக்குடியின் வாரிசுமுறைக்குக் கவிமணி புராணம் பாடினார். புராணம் தலத்தைப் பாடும். இங்கோ ஒரு வழக்கம் தலத்தின் இடத்தில் அமர்த்தப்படுகிறது. தலைப்பிலேயே எள்ளல் தொடங்கிவிடுகிறது.

படலப் பெயர்கள் இதனை மேலும் வலியுறுத்துகின்றன. ‘குலமுறை கிளத்து படலம்’ கம்பராமாயணத்தில் இராமனின் குலப்பெருமை கூறும் படலத்தின் பெயர்; இங்கு அப்பெயர் ஒரு குடும்பக் கதைக்குத் தலைப்பாகிறது. கம்பரின் ‘அரசியற் படலம்’ தசரதனின் ஆட்சியைக் கூறும். கவிமணியின் ‘மாமி அரசியற் படலம்’ மாமியாரின் ஆட்சியைக் கூறும். இராமாயணப் போர்க்களத்து அம்புகளை நினைவூட்டும் ‘நாகாஸ்திரப் படலம்’, ‘கருடாஸ்திரப் படலம்’ ஆகியவை வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. கருடசேவையைக் கண்டு பழகிய திருப்பதி வாசகருக்கு இவ்வீழ்ச்சியை விளக்கிக் கூற வேண்டியதில்லை. வடிவ அளவில் இந்நூல் தடையின்றிச் சென்று சேரும் எனலாம்.

3. சொல்

சொல்லளவில் நிலைமை வேறு. ‘மருமகன்’ என்னும் தமிழ்ச்சொல் மகளின் கணவனையும் ஆடவனின் உடன்பிறந்தாள் மகனையும் ஒருங்கே குறிக்கும். தெலுங்கு முன்னவனை ‘அல்லுடு’ என்றும் பின்னவனை ‘மேனல்லுடு’ என்றும் பிரித்தறியும். ஆகவே தலைப்பைத் தெலுங்கில் பெயர்ப்பவர் ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆக வேண்டும். தமிழறிந்த சித்தூர் வாசகருக்கோ எதிர்மாறான இடர்ப்பாடு: ‘மருமக்கள்’ என்றதும் மகளின் கணவனும் மகனின் மனைவியுமே அவர் நினைவில் எழுவர்.

‘அவகாசப் படலம்’ இன்னும் நுட்பமானது. ‘அவகாசம்’ இன்றைய பொதுத்தமிழில் காலக்கெடு, தெலுங்கில் வாய்ப்பு, மலையாளத்தில் உரிமை. நாஞ்சில் நாடு 1956 வரை திருவிதாங்கூரோடும் அதன் வழிவந்த மாநிலத்தோடும் இருந்தமையால் மூன்றாம் பொருளே இங்கு உரியது. எழுத்தொற்றுமையை நம்பிப் பெயர்ப்பவர் சொத்துரிமையை வாய்ப்பாக்கிவிடுவார்.

மாறாக, எதிர்பாராத இடங்களில் தெலுங்கு கைகொடுக்கிறது. காரணவரின் பெயர் பஞ்சகலியாணிப் பிள்ளை. ஐந்து திருமணம் செய்தவர் என்பது ஒரு பொருள்; நான்கு கால்களும் முகமும் வெண்மையான குதிரையைக் குறிக்கும் ‘பஞ்சகல்யாணி’ மற்றொரு பொருள். இச்சிலேடை தெலுங்கிலும் குறையாமல் நிற்கும். ‘கோடேறிக் குடி முடித்த படலம்’ என்பதில் ‘கோடு’ நீதிமன்றம். மலைமுகடு என்ற பழம்பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. தெலுங்கிலும் வழக்காடச் செல்வதைக் ‘கோர்ட்டுக்கெக்கு’ என்பர். ஆனால் அதில் மலை இல்லை. எனினும் விளக்கு அணைவதைக் ‘கொண்டெக்கு’, அதாவது மலையேறு, என்பது தெலுங்கு மரபு. கோர்ட்டுக்கு ஏறிய குடும்பத்தின் விளக்கு மலையேறிற்று என்ற பொருளில் பெயர்த்தால், இழந்த சிலேடைக்கு ஈடு கிடைப்பதோடு குடி அழிந்த செய்தியும் உடன் வந்துவிடும்.

4. குரல்

எள்ளல் காப்பியத்திற்கு எடுத்துக்காட்டாக அலெக்சாண்டர் போப்பின் ‘தி ரேப் ஆஃப் தி லாக்’ (1712, விரிவாக்கம் 1714) காட்டப்படுவது வழக்கம். பீட்டர் பிரபு ஆரபெல்லா ஃபெர்மரின் கூந்தற்சுருளை வெட்டியதால் இரு குடும்பங்களுக்கிடையே மூண்ட பிணக்கைத் தணிக்க அது எழுதப்பட்டது. சிறியதற்குப் பெரிய வடிவம் தந்து அதன் சிறுமையை உணர்த்துதல் அதன் முறை. ‘சிறுபொருளைப் பெரிதாக்கும் நகைப்பாடல்’ என்னும் வரையறை இதற்குப் பொருந்தும்.

இவ்வரையறையைக் கவிமணியின் நூலுக்கு அப்படியே பொருத்துவது பிழை. இங்குப் பேசுபவள் காரணவரின் ஐந்தாம் மனைவி. அவள் பேசுவன சோறு, பிள்ளைகள், மாமியாரின் கெடுபிடி ஆகியன. அக்குடும்பம் இவற்றைச் சிறியன எனக் கருதியது. புராண வடிவம் அவற்றைப் பெரிதாக்கியபோது, அவை முன்பே பெரியவை என்பது வெளிப்பட்டது. நகைக்கப்படுவது அவளுடைய முறையீடன்று. அதனைச் சிறிதெனக் கொண்ட பெருமிதமே.

பாடல் 1917-18இல் ‘தமிழன்’ இதழில் தொடராக வெளிவந்தது. நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் திருவிதாங்கூரில் 1926இல் நிறைவேறியது. சட்டத்திற்குப் பாடலே காரணம் என்பது மிகையாகும். அச்சமூகத்தினுள் எழுந்த சீர்திருத்தக் குரல்களுள் பாடலும் ஒன்று என்பதே பொருத்தம். போப்பின் நகைப்பு ஒரு வட்டத்தினரை மீண்டும் ஒன்றுசேர்க்க முயன்றது. கவிமணியின் நகைப்பு ஒரு முறையைக் கலைக்க முயன்றது.

5. முடிவுரை

எள்ளல் காப்பியத்தைப் புரிந்துகொள்வதில் மூன்று படிகள் உள்ளன: எந்த உயர்வடிவம் இரவல் பெறப்பட்டுள்ளது, அதன் சொற்கள் எந்த வட்டாரத்தின் வாழ்வைச் சுமக்கின்றன, அக்குரல் யார் வாயில் வைக்கப்பட்டுள்ளது. சித்தூர், திருப்பதி வாசகருக்கு முதற்படி மரபாலேயே எளிது. இரண்டாம் படிக்குக் குறிப்புரை உதவும். மூன்றாம் படி பெயர்ப்பாளரின் பொறுப்பு. படலத் தலைப்புகளுக்குப் பிரபந்த நடையும் மனைவியின் பேச்சுக்கு வீட்டு வழக்கும் அமையுமாயின் அவ்விரண்டின் இடைவெளியில் நகை பிறக்கும். முழுவதையும் ஒரே நகைச்சுவை நடையில் பெயர்த்தால் வாசகர் சிரிப்பர். ஆனால் அந்த ஐந்தாம் மனைவியையே பார்த்துச் சிரிப்பர். அதனினும் பெரிய பெயர்ப்புப் பிழை இந்நூலுக்கு நேர முடியாது.