639 ஆண்டுகள் நீளும் ஓர் இசை

ஒரு கலைஞன் மறைந்தபின் அவன் படைப்பைக் காப்பது எங்ஙனம்? நூலாசிரியனுக்கு அச்சகம் உண்டு. ஓவியனுக்குச் சுவர் உண்டு. இசைவாணனின் நிலை வேறு. தாளில் குறியீடுகளாக உறங்கும் அவன் படைப்பு, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கும்போதுதான் உயிர் பெறுகின்றது. அவன் மரபை மீறிச் சோதனைகள் செய்தவனாயின், வாசிக்க முன்வருவோரும் சிலர். கேட்கப் பொறுமை உடையோரும் சிலர். அத்தகைய ஒருவரின் படைப்பைக் காக்க ஜெர்மனியில் நடைபெற்றுவரும் ஒரு முயற்சியை ஈண்டு எடைபோட்டுப் பார்க்க விழைகின்றோம்.

அவர் ஜான் கேஜ் என்னும் அமெரிக்கர். 1912 செப்டம்பர் 5இல் பிறந்து, 1992 ஆகஸ்ட் 12இல் மறைந்தவர். பியானோவின் தந்திகளுக்கிடையே திருகாணிகளையும் ரப்பர்த் துண்டுகளையும் செருகிப் புதிய ஒலிகளைத் தேடியவர். நாணயத்தைச் சுண்டி, அது விழுந்த வண்ணம் சுரங்களை அமைத்தவர். அவருடைய '4 நிமிடம் 33 விநாடி' என்னும் படைப்பு 1952இல் அரங்கேறியபோது, பியானோ முன் அமர்ந்த கலைஞர் ஒரு சுரமும் எழுப்பவில்லை. அவையினர் கேட்டவை வெளியே வீசிய காற்றும், கூரைமேல் விழுந்த மழைத்துளியும், தம்முடைய முணுமுணுப்புமே. எள்ளி நகையாடியோர் பலர். எனினும், இசை கேட்பவன் செவியில் தொடங்குகின்றது என்னும் பாடத்தை அன்று கற்றோரும் உண்டு.

1985இல் பியானோவுக்கென ஒரு படைப்பை எழுதிய கேஜ், 1987இல் அதனை ஆர்கனுக்கு ஏற்ப அமைத்தார். 'இயன்றவரை மெதுவாக' என்பதே அதன் பெயர். அதுவே வாசிப்போருக்கு இட்ட கட்டளையும் ஆகும். எவ்வளவு மெதுவாக என்பதை அவர் வரையறுக்கவில்லை. முதன்முதல் வாசிக்கப்பட்டபோது அது சுமார் 29 நிமிடங்களில் முடிந்தது.

அவர் மறைந்தபின், 1997இல் ஜெர்மனியில் கூடிய இசைஞர்கள் இவ்வினாவை மீண்டும் எழுப்பினர். பியானோவின் தந்தி அதிர்ந்து ஓய்ந்துவிடும். ஆர்கனின் குழலோ, காற்று உள்ளவரை ஒலிக்கும். அங்ஙனமாயின் எல்லை எது? ஹால்பர்ஸ்டாட் நகரில் 1361இல் புகழ்பெற்ற ஆர்கன் ஒன்று நிறுவப்பட்டிருந்தது. அன்று முதல் 2000 வரை 639 ஆண்டுகள். கடந்த காலத்தின் அதே அளவை வருங்காலத்துக்கும் நீட்டுவோம் என முடிவு செய்தனர்.

அந்நகரின் புனித புர்க்கார்டி தேவாலயம் தொழுகை ஓய்ந்து, களஞ்சியமாகவும் பன்றித் தொழுவமாகவும் கிடந்த பழங்கட்டடம். அங்கே 2001 செப்டம்பர் 5இல் இசை தொடங்கிற்று. தொடக்கமே மௌனம்! 17 மாதங்கள் துருத்தியின் மூச்சு மட்டுமே கேட்டது. 2003 பிப்ரவரி 5இல்தான் முதற் குழல்கள் மூன்று ஒலித்தன. சுரம் மாறும் நாளில் குழலைச் செருகுவர் அல்லது எடுப்பர். அதனைக் காண மக்கள் திரளுவர். 2013 அக்டோபருக்குப் பின் 2020 செப்டம்பர் வரை மாற்றமே இல்லை. 2024 பிப்ரவரி 5இலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. முடிவுக்குக் குறித்த ஆண்டு 2640.

இதனை நாம் முழு மனத்தோடு பாராட்ட முடியுமா? தடைகள் சில உள. கட்டைகளை அழுத்தி நிற்பவை மணல் மூட்டைகள். காற்றைத் தருவது மின்விசை. வாசிப்பவர் எவருமிலர். முழுமையாகக் கேட்கப்போகின்றவரும் எவருமிலர். நன்கொடையாளரின் பெயர்களைத் தகட்டில் பொறித்துச் சுவரில் பதிக்கின்றனர். இசைக்கு வந்தவர் தம் பெயரைத் தேடி நிற்கவும் கூடும். அனைத்தினும் மேலாக, கேஜ் வேகத்தை வரையறுக்காது விட்டது வாசிப்போனின் உரிமைக்காக அன்றோ? 2009இல் ஓர் அமெரிக்க ஆர்கன் கலைஞர் தனியொருவராக அமர்ந்து 14 மணி 56 நிமிடங்கள் இதனை வாசித்தார். பசியும் களைப்பும் தாங்கிய அந்த உடலே 'இயன்றவரை' என்னும் சொல்லுக்கு மெய்யான உரை என்று கருதுகின்றோம். மணல் மூட்டைக்கு இயலாமை என்பது ஏது?

ஆயினும், ஹால்பர்ஸ்டாட்டைப் புறந்தள்ளவும் நமக்கு மனம் ஒப்பவில்லை. சிலையை நாட்டியவன் வீடு திரும்பிவிடலாம். இந்த இசையைத் தொடங்கியவர்களுக்கு அந்த ஓய்வு இல்லை. துருத்தி பழுதுபட்டால் செப்பனிட வேண்டும். கூரை ஒழுகினால் வேய வேண்டும். பொருள் குன்றினால் இரந்து திரட்ட வேண்டும். இன்னும் பிறவாத ஒருவனை நம்பி இப்பணியை ஒப்படைக்க வேண்டும். பாடம் சொல்வதைத் தொழிலாகக் கொண்ட நாம் இதனை நன்கறிவோம். பேழையில் பூட்டிய ஏடு கல்வியாகாது; ஆசிரியன் ஓத, மாணவன் கேட்டு, பின் அவனே ஆசிரியனாகி ஓதும்போதே அது வாழ்கின்றது.

எனவே நம் தீர்ப்பு இது: விழா நாளில் திரளும் கூட்டத்தைக் கொண்டு இம்முயற்சியை அளவிடலாகாது. சுரம் மாறாத ஒரு சாதாரண நாளில், குளிர்ந்த அக்கட்டடத்துள் நுழைந்து, அசையாது நிற்கும் அவ்வொலியைச் சற்று நேரம் நின்று கேட்கும் ஒருவர் இருப்பாராயின், கேஜின் பாடம் அங்கே நடைபெறுகின்றது. அத்தகையோர் இல்லையேல், 639 ஆண்டுகளும் ஒலித்தாலும் அது காற்றின் ஓசையே ஆகும்.