கொங்குநாட்டுப் பழமனையும் இலக்கியச் சான்றும்

ஊர்ப் பழமனை ஒன்றன் தோற்றத்தையும் வளர்ச்சியையும் ஆராயப் புகும் தமிழாராய்ச்சியாளர் பலரும் ஏட்டை முதலிற் கண்டு, வீட்டைப் பின்னர்க் காண்கின்றனர். திண்ணை, முற்றம், குதிர் ஆகியவற்றைக் கண்டவுடன் சங்கப் பாடல்களை எடுத்துக் காட்டி, அம்மனை ஈராயிரம் ஆண்டு மரபின் எச்சம் என்று முடித்துவிடுகின்றனர். இம்முறை எத்துணைப் பொருத்தமுடையது என்பதைக் கோவைக்கு வடக்கே சத்தியமங்கலச் சாலையில் அமைந்த கணபதி போன்ற கொங்கு ஊர்களின் மனைகளை முன்னிறுத்தி ஈண்டு ஆராய்வோம்.

மனை வகுத்தலுக்குப் பெரிதும் காட்டப்பெறும் சான்று நெடுநல்வாடை. இரு கோல்களின் நிழலை நண்பகலில் நோக்கித் திசை தேர்ந்து, நூலிட்டு, தெய்வம் பரவி மனை வகுத்த செய்தியை நக்கீரர் விரித்துரைக்கின்றார். கட்டடக் கலை அன்றே நூல்வழிப்பட்ட கலையாய் வளர்ந்திருந்தது என்பதற்கு இது தக்க சான்றே. ஆயின் அது கூறுவது அரசன் கோயில். உயர்த்திய கொடியொடு யானை புகும் வாயிலையுடையது. கொங்கு உழவர் மனையின் வாயிலோ தலைகுனிந்து புகும் அளவினது. முன்னதைக் கொண்டு பின்னதன் காலத்தைத் துணிதல் அளவை நெறி ஆகாது.

உழவர் மனைக்கு அணுக்கமானவை பிற பகுதிகள். ஏணியும் எட்டாத உயரமுடைய நெற்கூடுகளைப் பெரும்பாணாற்றுப்படை மருதநிலத்து மனைகளிற் காட்டுகின்றது. கண்ணகிக்கு ஆயர் அளித்த இல்லம் செம்மண் பூசிய சிற்றில் எனச் சிலம்பு கூறும். இவை நமக்கு உணர்த்துவன வாழ்க்கைத் தேவையின் தொடர்ச்சியை மட்டுமே. தவசம் சேமிப்போர் உள்ளவரை குதிர் இருக்கும். மண் கிடைக்குமிடத்து மண்சுவர் எழும். தேவையின் தொடர்ச்சி வேறு. ஒரு கட்டடத்தின் தொடர்ச்சி வேறு. இவ்விரண்டையும் மயக்குதலே மேற்கூறிய முறையின் முதற் குற்றம்.

கட்டடத்தின் காலத்தைக் கட்டடமே கூறும். கூரையிலுள்ள மங்களூர் ஓட்டைக் காண்க. பாசல் மிசன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது 1865இல். இருப்புப்பாதை போத்தனூரை அடைந்ததும் 1860-களிலேயே. ஆதலின் அவ்வோடு வேய்ந்த கூரை 1865க்கு முற்பட்டதாதல் இயலாது. எனினும் அதன் கீழுள்ள சுவர் முற்பட்டதாகலாம். நாட்டோடோ பனையோலையோ இருந்த இடத்திற் புதிய ஓடு ஏறியிருக்கலாம். மதுக்கரைச் சிமெண்டு ஆலை 1934இல் தோன்றியது. சிமெண்டுப் பூச்சின் கீழ்ச் சுண்ணச்சாந்து காணப்படின் அங்கு இரண்டு காலங்கள் உள. ஆகவே ‘இவ்வீடு எந்தக் காலத்தது?’ என்னும் வினாவே பிழைபட்டது. ‘இவ்வீட்டின் எப்பகுதி எக்காலத்தது?’ என வினவுதலே முறை.

அளவும் சான்றாகும். மனையடி நூல்கள் அறையின் உள்ளளவை அடிக்கணக்கிற் கூறி நன்மை தீமை வகுக்கின்றன. அவற்றை நம்புவோர் விலக்கப்பட்ட அளவில் அறை கட்டத் துணியார். ஒரு மனையில் ஏனைய அறைகள் நூல்வழி அமைய, ஓர் அறை மட்டும் அவ்வளவினின்று பிறழுமாயின், பின்னாளில் இடைச்சுவர் எழுந்ததோ என ஐயுறுதல் தகும். அவ்வையத்தைச் சுவரின் ஒட்டு தீர்க்கும். பிரிவினைப் பத்திரம் உறுதிப்படுத்தும்.

பிரிவினை என்பதை இங்கு அழுத்திக் கூறுதல் வேண்டும். கொங்கு மனையின் வளர்ச்சிக்கு வளம் காரணமானாற்போலவே பங்கும் காரணமாயிற்று. ஒரு தொட்டிக்கட்டு வீடு இரண்டாகப் பிரியும்போது அடுப்பு இரண்டாகின்றது, வாயில் இரண்டாகின்றது, ஆசாரத்தின் நடுவே சுவர் எழுகின்றது. இதனை உணர்தற்குச் சங்க நூலினும் சிறந்த துணை ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942). கணவனை இழந்த ஒருத்தி கொழுந்தனிடம் பங்கு கேட்பதே அந்நாவலின் முடிச்சு. அது கொலையில் முடிகின்றது. நிலத்தைப் பற்றிய அவ்வழக்கைப் படித்தபின் ஒரு வீட்டின் இடைச்சுவரை வெறுஞ்சுவராகக் காண்டல் அரிது. வட்டார நாவலை மொழிநடைக்காக மட்டும் ஆராய்ந்து, மனை வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளாமை நம் துறையின் குறையே.

சொல்லும் ஆராயத்தக்கது. ஆசாரம், தொட்டி, பொடக்காலி, சாளை என்பன கொங்கு மக்கள் நாவில் வழங்குவன. பொடக்காலியைப் புழைக்கடையொடு ஒப்பிடலாம். ஆனால் ஆசாரம் என்னும் கூடத்தின் பெயரை, ஒலியொப்புமை ஒன்றே கொண்டு, ஒழுக்கம் என்னும் பொருளுடைய வடசொல்லெனத் துணிதல் கூடாது. இன்னொன்றும் கருதத்தக்கது. அளவெடுப்போர் ஆடவர் அமரும் ஆசாரத்தையும் திண்ணையையும் நுணுகி வரைகின்றனர்; அடுப்படியையும் பொடக்காலியையும் கோடிட்டு விடுகின்றனர். நாள்தோறும் பெண்டிர் உழைத்த பகுதிகளின் சொற்களே இதனால் முதற்கண் மறைகின்றன.

கணபதி இன்று மாநகராட்சி எல்லைக்குள் அடங்கிவிட்டது. ஆலைகளும் பட்டறைகளும் அடுக்குமாடிகளும் சூழ்ந்த அவ்வூரில் பழமனை விற்பனைக்கு வருங்கால், நிலத்திற்கே விலை, சுவருக்கு விலையில்லை. உடையோரைக் குறை கூறிப் பயனில்லை. பல பங்காளிகளுக்கு உரிய மனையைப் பேணுதல் எளிதன்று. நம்மால் இயல்வது, இடிபடுமுன் அளந்து வரைதலும், ஒவ்வோர் அறையின் பெயரையும் அங்கு வாழ்ந்த முதியோர் வாய்மொழியாற் கேட்டெழுதுதலும் ஆகும்.

ஆகவே, கட்டடத்தை முதற்சான்றாகவும், பத்திரத்தை இரண்டாஞ்சான்றாகவும், வழக்குச்சொல்லை மூன்றாஞ்சான்றாகவும் கொண்டு, இலக்கியத்தை அவற்றிற்குப் பொருள் விளக்கும் துணையாகக் கொள்ளுதலே நேரிய முறை என்பது நம் முடிபு. இதனால் இலக்கியத்தின் பெருமை குன்றாது. தான் கூறாததைக் கூறியதாகச் சான்று பகரும் இழிவினின்று அது காக்கப்பெறும்.