ஓரியின் அம்பும் குறிபார்க்கும் எந்திரமும்

புறநானூற்றின் 152-ஆம் பாட்டு தமிழாசிரியர் பலருக்கும் பழக்கமானது. பாடியவர் வன்பரணர். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியை ஊடுருவி, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, இறுதியில் புற்றில் கிடந்த உடும்பின்மேல் சென்று தங்கியது என்பது அப்பாட்டில் வரும் செய்தி. வகுப்பறையில் இதனை உயர்வு நவிற்சி என்று சொல்லி, ‘வல்வில்’ என்னும் அடைமொழிக்குச் சான்றாகக் காட்டி, அடுத்த பாட்டுக்குச் சென்றுவிடுவதே பெருவழக்கு. அவ்வாறு செல்வது பாட்டின் பாதியை மட்டும் படிப்பதாகும்.

மறுபாதியில் மூன்று செய்திகள் உள்ளன. காட்டுவழியே வரும் பாணர் கூட்டம் வேட்டுவன் ஒருவனைக் காண்கிறது. அவன் யார் என்று அவர்கள் அறியார். எய்த எய்தலைக் கண்டே, ‘இவன் ஓரியாக இருப்பானோ’ என்று ஐயுறுகின்றனர். இது முதற் செய்தி. அவனது தோற்றத்தை நோக்கி, ‘இவன் ஊனை விலைக்கு விற்பதற்காகக் கொல்பவன் அல்லன்’ என்று துணிகின்றனர். இது இரண்டாவது. அவர்கள் தலைவனைப் போற்றிப் பாடியபோது, அந்தப் பெயர் தனக்குரியது ஆதலால் அவன் நாணுகிறான். நாணியவன் ஊனும் கள்ளும் பொன்னும் அள்ளிக் கொடுக்கிறான். இது மூன்றாவது. எய்தலைக் கண்டால் எய்தவனை அறியலாம். கொலை விலைக்காக அன்று. திறனுடையான் புகழுக்கு நாணுவான். வேட்டைத்திறன் என்பது எது என்னும் வினாவுக்குப் பழந்தமிழ்ப் புலவர் தந்த விடையாக இம்மூன்றையும் கொள்ளலாம்.

அவ்வினா இன்று புதிய கூர்மை பெற்றுள்ளது. துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கி, அதாவது ஸ்கோப், புதியதன்று. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரிலேயே அது பயன்பட்டது. அந்நாளில் அது கண்ணுக்குத் துணை மட்டுமே; தொலைவைக் கணித்தவனும், கையை நடுங்காது நிறுத்தியவனும், விசையை இழுத்தவனும் மனிதனே. 2013-ஆம் ஆண்டில் டிராக்கிங்பாயிண்ட் என்னும் அமெரிக்க நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த துப்பாக்கி அந்த எல்லையைக் கடந்தது. வேட்டுவன் இலக்கின்மேல் ஒரு குறி இடுகிறான். லேசர் ஒளி தொலைவை அளக்கிறது. உள்ளிருக்கும் கணினி காற்றின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் விலங்கின் நகர்வையும் கணக்கிடுகிறது. விசையை இழுத்தவுடன் குண்டு வெளிப்படுவதில்லை. குழல் இட்ட குறியோடு பொருந்தும் கணத்திலேயே வெளிப்படுகிறது. காற்று வீசும் வேகத்தை மதிப்பிட்டுக் கூறும் வேலை ஒன்றே பழைய திறன்களில் மனிதனுக்கு எஞ்சியது.

இதனை ஆதரிப்போர் கூறும் காரணம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. குறி தவறாவிடில் விலங்கு துன்புறாது என்பர். இதற்கு ஜிம் கார்பெட்டின் எழுத்தே சான்றாகும். குமாவுன் மலைநாட்டின் ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றி 1944-இல் வெளிவந்த அவரது நூலின் முதற்கதை, 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்புலியைப் பற்றியது. 1907-இல் அது வீழ்ந்தபின் கார்பெட் அதன் வாயைப் பார்த்தார். வலப்பக்கத்துக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. முன்னர் எவனோ சுட்ட குண்டு செய்த வேலை அது. இயல்பான இரையைக் கொல்ல இயலாமற் போனதாலேயே அப்புலி மனிதரை நாடியது என்பது அவர் முடிபு. ஒருவன் தவறவிட்ட குறிக்கு 436 உயிர்கள் விலையாயின எனில், தவறாத கருவி வேண்டும் என்பாரை எவ்வாறு மறுப்பது?

அதே கதையின் முடிவே மறுமொழி தருகிறது. கார்பெட் கையில் மூன்றே தோட்டாக்கள் இருந்தன, அவை தீர்ந்தன. தாசில்தாரிடம் ஓடி, அவர் வைத்திருந்த பழைய துப்பாக்கியை வாங்கினார். அதன் குழலுக்கும் அடிப்பகுதிக்கும் இடையே வெளிப்படையாக இடைவெளி தெரிந்தது. அதனோடு புலியை இருபதடி வரை நெருங்கிச் சுட்டார். வாயைக் குறிவைத்தார், பட்டதோ முன்னங்காலில். முன்பு பட்ட காயங்களால் புலி முடிந்தது. குறி தவறியதை மறைக்காமல் எழுதிய நேர்மையும், காயம்பட்ட விலங்கை விட்டுச் செல்லாத பொறுப்பும் சேர்ந்தே அக்கதையை இலக்கியமாக்கின. அன்று அவரைக் காத்தது கருவி அன்று; நெருங்கிச் சென்ற நெஞ்சுரமும் காட்டறிவுமே.

நெருங்குதல் என்னும் இச்செயலையே புதிய கருவி நீக்குகிறது. ஐந்நூறு மீட்டர் தொலைவைக் கடக்கக் குண்டுக்கு அரை விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் மான் ஓரடி எடுத்து வைத்தால் நெஞ்சில் படவேண்டியது வயிற்றில் படும். எந்திரம் கைநடுக்கத்தை நீக்கலாம். மான் எடுத்து வைக்கப்போகும் அடியை அறியாது. குறி தவறாது என்னும் நம்பிக்கை, சுடக்கூடாத தொலைவிலிருந்து சுடவும் தூண்டும். அமெரிக்காவில் 1887-இல் தியடோர் ரூசுவெல்ட் நிறுவிய பூன் அண்டு குரோக்கெட் கழகம், தப்பும் வாய்ப்பை விலங்குக்கு விடாத வேட்டை அறமன்று என்னும் கொள்கையுடையது.

ஜொகூரின் காடுகளை அறிந்தவர்க்கு இவ்வுண்மை புதிதன்று. எண்டாவ் ரொம்பின் போன்ற மழைக்காட்டில் சில பத்து அடிகளுக்கு அப்பால் விலங்கைக் காண்பதே அரிது. அங்கே தொலைநோக்கியைவிடச் செவியும் மூக்கும் காலடியும் பயன்படும். தீபகற்பத்துப் பூர்வகுடியினர் மூங்கில் ஊதுகுழலில் ஈப்போ மரத்தின் நச்சுப்பால் தோய்த்த சிற்றம்பை வைத்து ஊதி வேட்டையாடினர். அருகே செல்லாமல் அக்கருவியால் பயனில்லை. அருகே செல்பவன் விலங்கின் வழியையும் வேளையையும் அறிந்தாக வேண்டும்.

ஆயினும் பழைய திறனைப் பாராட்டுவதோடு நின்றால் அதுவும் அரைகுறை ஆராய்ச்சியே. 1895 முதல் 1959 வரை ஜொகூரை ஆண்ட சுல்தான் இப்ராஹிம் புலிவேட்டையில் பெயர் பெற்றவர். அக்காலத்துத் தோட்டக்காரரும் அதிகாரிகளும் திறனில் குறைந்தவர் அல்லர். திறன் மட்டும் காட்டைக் காக்கவில்லை. 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பின்படி மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு. யானையையும் காட்டெருதையும் வேட்டையாடிய அனுபவத்தை 1905-இல் நூலாக எழுதிய தியடோர் ஹப்பேக், பின்னாளில் வனவிலங்குகளின் காவலராக மாறி, இன்று தாமான் நெகாரா எனப்படும் காட்டுக்காக வாதாடினார். கார்பெட்டும் துப்பாக்கியை விடுத்துப் படக்கருவியை விரும்பினார். நெருங்கி அறிந்தவனே நிறுத்தவும் அறிந்தான்.

இன்று இந்நாட்டுப் புலியைப் பெரிதும் அழிப்பது நுண்கருவித் துப்பாக்கி அன்று, கம்பிக் கண்ணி. அதை வைப்பவன் அருகில் இருப்பதில்லை. சிக்குவது புலியா, பன்றியா, சூல்கொண்ட மானா என்று பார்ப்பதுமில்லை. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் கண்ணியைக் குற்றமாக்கியது. 2022-இல் தண்டனைகள் மேலும் கடுமையாயின. விலையில் மிக உயர்ந்த துப்பாக்கியும் மிகத் தாழ்ந்த கம்பியும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றன: இரண்டும் வேட்டையிலிருந்து வேட்டுவனை விலக்குகின்றன. இரண்டினாலும் இறந்த விலங்கைக் கண்டு, ‘இதைச் செய்தவன் இன்னான்’ என்று எந்தப் பாணரும் ஊகித்தறிய முடியாது. கண்ணி வைப்பவனோ பாணர் ஐயுற்று விலக்கிய அந்த விலைவனே ஆவான்.

காட்டு முயலைத் தைத்த அம்பினும் யானையைப் பிழைத்த வேலை ஏந்துதல் இனிது என்னும் கருத்தை வள்ளுவர் படைச்செருக்கு அதிகாரத்தில் வைத்தார். அது போர்மறவனுக்குக் கூறியது, வேட்டைக்கு விதியன்று. ஆயினும் பிழைத்த வேலுக்கும் பெருமை உண்டு என்று அவர் கருதியது நோக்கத்தக்கது. பிழைக்க இயலாத கருவியில் அப்பெருமைக்கு இடமில்லை.

எனவே ஓரியின் பாட்டை நடத்தும் ஆசிரியர் ஐந்து விலங்குகளை எண்ணிக் காட்டுவதோடு நிறுத்தலாகாது. அந்த மிகையை நம்பும்படி மாணவரை வற்புறுத்தவும் வேண்டா. ‘இவன் யார்?’ என்று பாணர் கேட்ட வினாவையும், அவ்வினாவுக்கு விடையாக ஒரு மனிதன் அங்கே நின்றதையும், அவன் நாணியதையும் எடுத்துக்காட்டினால் போதும். கருவி வளர வளர அவ்வினாவின் தேவையும் வளர்கிறது.