மெய்ந்நிகரும் மெய்யுவமமும்

அறிவியலைப் பொதுமக்கட்கு எடுத்துரைக்கும் காட்சிக்கூடங்களில் 'மெய்ந்நிகர்' என்னும் சொல் இந்நாளில் பெரிதும் வழங்குகின்றது. கணிப்பொறி தோற்றுவிக்கும் உலகினைத் தலையில் அணியும் கருவி வழியே காட்டும் முறைக்கு இது பெயர். ஐவன் சதர்லாண்டு 1968-இல் இத்தகைய கருவியொன்றைச் செய்து காட்டினார். பாரிசு இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2017-இல் இதற்கென நிலையானதோர் அறை அமைத்தது. இக்காட்சிகளின் தகுதியை அளக்கத் தமிழில் அளவுகோல் உண்டோ என்பதே நம் வினா.

உண்டு என்பது நம் துணிபு. தொல்காப்பிய உவமவியல் வினை, பயன், மெய், உரு என உவமம் தோன்றும் வகைகளை நான்காக வகுக்கின்றது. ஈண்டு மெய் என்றது வடிவினை. உரு என்றது நிறத்தினை. 'நிகர்ப்ப' என்னும் உருபோ மெய்யுவமத்திற்குரிய எட்டனுள் ஒன்றாக வைக்கப்பெற்றுள்ளது. ஆகவே, மெய்ந்நிகர் என்னும் தொடரை 'உண்மைக்கு ஒப்பானது' எனக் கொள்வதினும் 'வடிவால் ஒப்பது' எனக் கொள்வதே பொருந்தும்.

இவ்வளவுகோலால் ஒரு காட்சியை நோக்குவோம். இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகப் பொருள்களைக் கையில் எடுத்துப் பார்ப்பதுபோல் அமைந்து, தேவிடு ஆட்டன்பரோ விளக்கம் கூறும் மெய்ந்நிகர்ப் படைப்பு 2018-இல் வெளிவந்தது. வடிவும் நிறமும் அதன்கண் நன்கு அமைந்தன. பேழைக்குள் இருக்கும் பொருளைத் திருப்பிப் பார்க்க இயல்வது சிறு நன்மையன்று. எனினும், கைக்கு எடை தோன்றுவதில்லை. எடையில்லாக் கல்லால் எதனையும் வெட்டவியலாது. வினையுவமமும் பயனுவமமும் அங்கு நிரம்பவில்லை.

இக்குறை நம் அண்மையிலேயே பெரிதாகும். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி மாணவர் ஒரு பகலிற் சென்று மீளும் தொலைவில், திருவள்ளூருக்கு அப்பால் பூண்டியும் அத்திரம்பாக்கமும் உள்ளன. இராபர்ட்டு புரூசு பூட்டும் வில்லியம் கிங்கும் 1863-இல் அத்திரம்பாக்கத்தில் பழங்கற்கருவிகளைக் கண்டனர். சாந்தி பப்பு, குமார் அகிலேசு முதலியோர் ஆய்வு, அங்குள்ள கைக்கோடரிகளின் காலம் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு என 2011-இல் நிறுவியது. இடைப் பழங்கற்காலம் அங்கு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகட்கு முன்னரே தொடங்கியதென 2018-இல் அவர்தம் மற்றோர் ஆய்வுரை காட்டிற்று. ஆயினும், கருவி செய்தாருடைய எலும்பு ஆண்டுக் கிடைத்திலது.

இவ்விடத்தை மெய்ந்நிகர்க் காட்சியாக்குவோர் கல்லை மட்டும் காட்டி அமைவரோ? கல்லை உடைக்கும் கைக்கு ஒரு முகமும் அம்முகத்திற்கு ஒரு மொழியும் வேண்டுமெனக் கருதுவர். அம்முகம் நம் முகமாகவும், அம்மொழி தமிழாகவும் அமையின் காண்பார் மகிழ்வர். ஆனால், 15 இலட்சம் ஆண்டுக்கு முற்பட்டோர் நம்மனைய மாந்தரே அல்லர். சான்றில்லா இடத்தைக் கற்பனை நிரப்புதல் காப்பியத்திற்கு அணி. அறிவியற் காட்சிக்கோ அது வழு.

'முதலில் ஆர்வம் பிறக்கட்டும். ஐயம் பின்னர்த் தெளியும்' என்பர் ஒருசாரார். நாம் உடன்படோம். உவமத்தை உவமமென உணர்த்த உருபு உண்டு; கண்முன் விரியும் காட்சிக்கு உருபில்லை. படித்ததை மறுப்பார் கண்டதை எளிதில் மறுப்பதில்லை.

எனவே, காட்சிக்கும் ஓர் உருபு வேண்டும். அகழ்ந்து பெற்றதை ஒரு வண்ணத்தாலும் உய்த்துணர்ந்ததைப் பிறிதொன்றாலும் வேறுபடுத்துக. கருவியைக் கழற்றியபின், அதே அளவும் எடையும் உடைய படிக்கல் ஒன்றைக் காண்பார் கையில் தருக. வினையும் பயனும் அக்கல்லால் விளங்கும்.